தேதிக்கு விட்ட இடம்

என் வயதுக்காரர்களே, ஒரு காரியம் செய்யுங்கள். வலது கை விரல்களை இடது மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். துடிக்கிறதா? நல்லது. போன வாரம் எனக்கு அது கிடைக்கவில்லை. கழுத்தைத் தொட்டேன், நெஞ்சைத் தொட்டேன், மறுபடி மணிக்கட்டுக்கு வந்தேன். கடைசியில், இவ்வளவு நேரமும் கைக்கடிகாரத்தின் வாரைத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

காரணம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம். சிதம்பரத்தில் ஒரு மாடி அறையில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் பெண் ஒருத்தி, நான் அங்கங்கே எழுதிய வேடிக்கைக் கட்டுரைகளைச் சேர்த்துப் புத்தகமாகப் போடுகிறாள். கதை, நினைவுக் குறிப்பு, ஆன்மிகம், இந்த மூன்றும்தான் அவள் பதிப்பிப்பது. நான் இதில் எதில் சேர்த்தி என்று கேட்டேன். "இப்போதைக்கு நினைவுக் குறிப்பு சார். வயசானா ஆன்மிகத்துக்கு மாத்திக்கலாம்" என்றாள். பின்னட்டைக்கு எழுதிய ஆசிரியர் குறிப்பைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். என் பெயர், என் சிரித்த முகம், அதன் கீழே ஒரே ஒரு வரி: 'கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வாழ்ந்தவர்.'

உடனே போன் போட்டேன்.

"ம்மா, நான் இருக்கேம்மா."

"தெரியும் சார். அதான பேசறீங்க."

"வாழ்ந்தவர்னு போட்டிருக்க?"

"அடுத்த வரி படிக்கலையா சார்? 'இப்போது சிதம்பரத்தில் வசிக்கிறார்.'"

"அடுத்த வரியே வரலம்மா."

"அடடா, படம் கட்டாயிடுச்சா? சாரி சார். ஆமா, ஏன் உங்களுக்கு இப்படி மூச்சு வாங்குது?"

மாடிப்படி ஏறினேன் என்று சொல்லிவைத்தேன். நான் குடியிருப்பது தரைத்தளம். உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு மழைக்காலத்தையே சொல்ல வேண்டும். அதை அந்தப் பெண்ணிடம் போனில் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கும் சர்க்கரை மாத்திரை உண்டு, எங்கேயாவது 'வாழ்ந்தவர்' என்று பார்த்தால் நீங்களும் மணிக்கட்டைத் தேடுவீர்கள்.

எங்கள் வீட்டின் முன்பக்கம்தான் அப்பாவின் அச்சகம். திருப்பாதிரிப்புலியூரில், தேர் திரும்பும் தெருவுக்கு அடுத்த தெரு. பலகையில் 'கதை, வாழ்க்கை, ஆன்மிகம்' என்று எழுதியிருக்கும். அந்த வழியாகப் போகிற சிலர் ஜோசியம் பார்க்கும் இடம் என்று நினைத்து உள்ளே வந்து கையை நீட்டியதுண்டு. ஈய எழுத்துக் கோர்ப்பது அப்பா, மிஷினைக் காலால் மிதித்து ஓட்டுவது அப்பா, பிழை பார்ப்பது அம்மா. தைப்பதற்கும் ஒட்டுவதற்கும் மட்டும் பக்கத்துச் சந்திலிருந்து பைண்டர் மாமா வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சிலிருந்து நேராக வந்து வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மைதாப் பசை கிண்டுவார். பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் போடுவார். "நக்கிடாதடா, விஷம்" என்று ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துச் சொல்வார். பசையை நக்குகிற பிள்ளையின் முகவெட்டு எனக்கு இருந்திருக்க வேண்டும்.

ஆன்மிகப் புத்தகங்கள் சிதம்பரத்துத் திருவிழாக் கடைகளுக்குப் போகும். மார்கழியில் ஆருத்ரா, ஆனியில் திருமஞ்சனம், இந்த இரண்டுக்கும் முன்னால் வீட்டில் சோறு ஆக்கவே இடம் இருக்காது. எங்கு பார்த்தாலும் தாள். கதைப் புத்தகம் என்றால் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரின் நாவல்கள். எல்லா நாவலிலும் கதாநாயகி கடைசியில் ரயிலேறிப் போய்விடுவாள், எங்கே என்று பிழை பார்த்த அம்மாவுக்கே தெரியாது.

இதெல்லாம் போக ஒரு வேலை உண்டு. அதில்தான் அப்பாவுக்குப் பெயர். யாராவது இறந்துபோனால், பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக ஒரு சின்னப் புத்தகம் போடுவார்கள் இல்லையா, முதல் பக்கத்தில் இறந்தவர் படம், உள்ளே பக்திப் பாட்டுகள், கடைசிப் பக்கத்தில் இன்ன தேதியில் இறைவனடி சேர்ந்தார் என்று, அந்தப் புத்தகம். இடையில் இருப்பதோ கொஞ்ச நாள். மற்ற அச்சகங்களில் பதினேழாம் நாள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிவார்கள். அப்பாவிடம் அந்தப் பேச்சே கிடையாது. எப்படி என்றால், வீட்டில் யாராவது முடியாமல் கிடக்கும்போதே அந்த வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்று இழுத்து இழுத்துப் பேசுவார். "ஒண்ணும் அவசரமில்ல... சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுவைக்கலாம்னு..." அப்பா தலையாட்டுவார். மறுநாளே பெயர், ஊர் எல்லாம் கோர்த்து, தேதி வரவேண்டிய இடத்தில் மட்டும் புள்ளிகளை வரிசையாக வைத்து, நூலால் கட்டி ஓரமாக வைத்துவிடுவார். செய்தி வந்ததும் புள்ளியை எடுத்துவிட்டுத் தேதியைச் செருகினால் முடிந்தது. ரொம்ப அவசரம் என்றால் புள்ளியோடே அடித்துவிட்டு, தேதியைப் பிறகு பேனாவால் எழுதுவதும் உண்டு.

பெயருக்கு முன்னால் போடும் 'அமரர்' என்ற சொல்லை ஒவ்வொரு எழுத்தாகக் கோர்க்கிற தொல்லை வேண்டாம் என்று ஒரே துண்டாக பிளாக் செய்து வைத்திருந்தார். உள்ளங்கையில் அடங்கும். குளிர்ந்து கிடக்கும். அகராதியில் அமரர் என்றால் சாவே இல்லாதவர் என்று அம்மா ஒருநாள் காட்டினாள். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

இனி பெரியப்பா. அப்பாவுக்கு மூத்தவர், பெரியம்மாவோடு சிதம்பரத்தில் இருந்தார், பிள்ளைகள் கிடையாது. ரயிலில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க வண்டியின் கடைசிப் பெட்டியில் நின்று விசில் ஊதிக் கொடி காட்டியவர். அதனாலோ என்னவோ, எதையும் பின்னாலிருந்துதான் பார்ப்பார். பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். கல்யாணப் பந்தியில் கடைசி இலையில் பாயசம் விழுந்ததா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் தன் இலையில் கை வைப்பார். "இன்ஜின் போயிடுச்சின்னா வண்டி போயிடுச்சின்னு அர்த்தமில்லடா. கடைசிப் பொட்டி போவணும்" என்று என்னிடம் சொல்வார். விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டு ஊதக் கூடாது என்பார். வேறு எந்த மனிதரும் எனக்கு இவ்வளவு கொடுமை செய்ததில்லை, வேறு எந்த மனிதர் மேலும் எனக்கு இவ்வளவு பிரியம் இருந்ததில்லை.

அவர் தன் ரயில் வாழ்க்கையை எழுதி, பழைய பச்சைக்கொடித் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்திருந்தார். தலைப்பு 'கடைசிப் பெட்டி'. பைண்டர் மாமா அதைப் பார்த்துவிட்டு, "எங்க சர்ச் ஆளுங்க இத வாங்கினா, சவப்பெட்டின்னு நெனச்சி மெழுவத்தி ஏத்திட்டுத்தான் படிப்பாங்க" என்றார். பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா மூட்டையை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அது அங்கேயே இருந்தது.

மாதம் ஒருமுறை பெரியப்பா சிதம்பரத்திலிருந்து பாசஞ்சரில் வருவார். காராபூந்திப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்வார்.

"என்னாடா தம்பி, என் வண்டி எப்பக் கெளம்பும்?"

"ஆருத்ரா முடியட்டும்ண்ணே."

ஆருத்ரா முடியும். அடுத்த தடவை வருவார்.

"திருமஞ்சன வேல வந்துடுச்சிண்ணே. அது முடியட்டும்."

"நடராஜரே வருஷத்துக்கு ரெண்டு வாட்டி வெளிய வர்றாரு. என் புஸ்தகம் ஒரு வாட்டி வரக் கூடாதா?"

எல்லோரும் சிரிப்போம். அப்பா மிதித்துக்கொண்டே சிரிப்பார். பெரியப்பா தன் ரயில் டிக்கெட்டை மடித்து, பிரித்து, மடித்து, பிரித்து, கையில் கிழிந்துவிடும் வரை வைத்திருப்பார். அது அவர் பழக்கம் என்று நினைத்திருந்தேன். வேறு எங்கும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை என்பது இந்த வயதில்தான் தோன்றுகிறது.

எத்தனை ஆருத்ரா, எத்தனை திருமஞ்சனம் போயிற்று என்று எனக்குக் கணக்கில்லை. நான் கால்சட்டைக்குள் சட்டையைச் சொருகக் கற்றுக்கொண்ட வருஷம் ஐப்பசி மழையில் பெரியப்பா படுத்துவிட்டார். கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, பேச்சு குழறி. சிதம்பரத்தில் பார்த்த டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்பா போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பி வந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை. ஸ்டூல் மேல் ஏறிப் பச்சைத்துணி மூட்டையை இறக்கினார்.

அம்மா கேட்டாள். "இப்ப எதுக்கு அத எடுக்கறீங்க? அண்ணன் பக்கத்துல போயி உக்காருங்க."

"அங்க உக்காந்து என்னா பண்ணச் சொல்ற? அண்ணிக்கு அழுவத் தெரியும். எனக்கு இதான் தெரியும்."

மழைக்காகப் பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். பகல் முழுக்க மிஷின் சத்தம். ஓட்டில் மழை, உள்ளே 'டடக்கு டடக்கு'. ஆருத்ராவுக்குப் போகவேண்டிய தாளெல்லாம் மூலைக்குப் போனது. சாமியே மூலைக்குப் போனதைப் பார்த்தபோதுதான் இது சாதாரண விஷயம் இல்லை என்று எனக்கு உறைத்தது. அப்பா எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்றால் நின்றபடி. சாப்பிடக் கூப்பிட்டால் இடது கையால் வாங்கி நின்றபடியே சாப்பிட்டார், வலது கை எழுத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தது. ஒல்லியான புத்தகம்தான். ஆனாலும் அந்த வேகத்தில் அவர் எதையும் அடித்து நான் பார்த்ததில்லை.

முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாளில், எல்லாவற்றுக்கும் பிறகு அச்சாகும். அச்சான தாளைக் காயப்போட முன்பக்கத்திலிருந்து சமையலறை வரைக்கும் கயிறு கட்டியிருந்தது. மை வாசனை, மண்ணெண்ணெய் வாசனை, ஈரச் சுவர் வாசனை. நான் தண்ணீர் குடிக்கப் போனபோது ஒரு தாள் முகத்தில் உரசியது. நிமிர்ந்து பார்த்தேன்.

கடைசிப் பெட்டி. அதன் கீழே, 'அமரர்'. அதன் கீழே பெரியப்பா பெயர்.

கத்தினேன். அழுதேன். அப்பா ஓடிவந்தார்.

"பெரிப்பா செத்துட்டாரா?"

"ச்சீ, வாய மூடு. இன்னும் இல்லடா."

இன்னும் இல்லையாம்! ஆறுதல் சொல்வதில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் திறமையைப் பாருங்கள். அப்பா அதைச் சொல்லிவிட்டு, சொன்னது காதில் விழுந்தவர் மாதிரி ஒரு நொடி நின்றார். பிறகு மிஷினுக்குப் போய்விட்டார்.

என் திகிலுக்கு நான் ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்தேன். எமனுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் அச்செழுத்து கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத் திரும்பி இருக்கும், அதை அப்பாவும் நானும்தான் படிப்போம். ஆகவே பிளாக்கில் இருக்கிறவரை ஆபத்தில்லை. தாளில் ஏறிவிட்டால் நேராகிவிடும். ஆனால் மை காயாதவரை அது எழுத்தே இல்லை, வெறும் ஈரம். ஆகவே தாள் காயக் கூடாது. மழை விடக் கூடாது. ஊரே வெள்ளத்தில் மிதக்க, மழை விடக் கூடாது என்று கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்ட ஒரே பிரஜை நான். மழையும் விடவில்லை. எதிர்வீட்டுச் சுவர் இடிந்தது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இருந்தும் தாள் காய்ந்தது. அப்பா கரி அடுப்பு மூட்டி அறையைச் சூடாக்கினார். பைண்டர் மாமா தைத்தார். அட்டை போட்டார். புத்தகங்களைக் கட்டுக்கட்டாகச் சுவரோரம் அடுக்கினார்கள்.

அன்று பகலில்தான் எதிர் மருந்துக்கடைக்குப் போன் வந்தது. கடைக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, "சிதம்பரத்துலேர்ந்து" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா போனுக்கு ஓடவில்லை. மண்ணெண்ணெயில் கையைக் கழுவினார், பிறகு சோப்பு போட்டுக் கழுவினார், நகக்கண்ணைத் துடைத்தார், பிறகுதான் போனார்.

திரும்பி வந்தபோது அவர் முகத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"அண்ணன் எழுந்து உக்காந்துட்டாராம். கஞ்சி வேணாம், இட்லி குடுன்னு அண்ணிகூட சண்ட போடறாராம்."

டாக்டர் கொடுத்த மருந்தா, பெரியம்மா அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியா என்று எங்கள் குடும்பத்தில் இன்றுவரை இரண்டு கட்சி. அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். நான் குதித்தேன், எமனை மழையால் தோற்கடித்தவன் அல்லவா. அப்பா அப்படியே உட்கார்ந்தார். எதன்மேல் உட்கார்ந்தோம் என்று குனிந்து பார்த்தவர், சுட்டதுபோல எழுந்தார். புத்தகக் கட்டு.

"அச்சு ஓடுதுன்னு அண்ணி சொல்லிட்டாங்களாம். புஸ்தகத்த எடுத்துட்டு வரச் சொல்றாரு."

முதல் பக்கத்தை மட்டும் எடுத்துவிட முடியாதா என்று அம்மா கேட்டாள். பைண்டர் மாமா ஒரு பிரதியை விரித்து விரலால் நீவினார்.

"கிழிச்சா சோடித் தாளும் கழண்டு வந்துரும்க்கா. தைச்சாச்சு." பிறகு அப்பாவிடம், "ஏன் மச்சான், ஒரே வயித்துல கூடப் பொறந்தவரு. அவருக்குப் போயி எப்பிடி மச்சான் இந்த பிளாக்க எடுத்து வச்ச?" என்றார்.

அப்பா எழுத்துப் பெட்டிக்குப் போனார். 'திரு' என்று கோர்த்தார். சின்னச் சின்னத் துண்டுகளாக அடித்து வெட்டினார். பைண்டர் மாமா ஒவ்வொரு பிரதியிலும் 'அமரர்' மேல் 'திரு'வை ஒட்டினார். மழை ஈரத்தில் பசை பிடிக்கவில்லை. ஒட்டிய கொஞ்ச நேரத்தில் துண்டின் ஓரம் மெதுவாக எழும்பும். அடியில் 'அ' தெரியும். அழுத்துவார்கள். இன்னொரு ஓரம் எழும்பும். இன்று யாராவது என்னைத் 'திரு' போட்டுக் கூப்பிட்டால் அடியில் என்ன இருக்கிறது என்றுதான் எனக்குப் பார்க்கத் தோன்றும்.

இருப்பதிலேயே நன்றாக ஒட்டிய பிரதியை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் ரயிலேறினோம். அப்பா புத்தகத்தை என்னிடம் கொடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து, என் கட்டைவிரலைத் துண்டின் மேல் வைத்து மூடினார்.

"சிதம்பரம் வர்ற வரைக்கும் எடுக்காத. என்னா?"

சன்னலில் வெள்ளக்காடு. நான் அதைப் பார்க்கவில்லை. கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் உடம்பில் ஒரு உறுப்பைக் கவனிக்க ஆரம்பித்தால் அது என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் அரித்தது. பிறகு வியர்த்தது. வியர்வையில் பசை இளகுமோ என்று பயந்தேன். பயத்தில் இன்னும் வியர்த்தது. விரலை எடுத்தால் பெரியப்பா போய்விடுவார், வைத்திருந்தாலும் வியர்வையில் போய்விடுவார். எதிரில் இருந்த அம்மாள், "ஏங்க, புள்ளைக்கு ஒண்ணுக்கு வருது போல" என்று அப்பாவிடம் சொன்னார். அதுவும் வந்துகொண்டுதான் இருந்தது.

பெரியப்பா கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். சட்டைக் கழுத்துக்குள் இன்னும் இரண்டு கழுத்து நுழையும் போலிருந்தது. கண்ணில் மஞ்சள் கொஞ்சம் பாக்கி. ஆனால் சிரிப்பு அதே சிரிப்பு.

"வாடா தம்பி! பச்சக் கொடி காட்டி எத்தன வருஷம், ஒருவழியா வண்டி வந்துடுச்சி பாரு! குடுறா."

நான் கொடுக்கவில்லை.

"குடுறான்னா."

"இருங்க பெரிப்பா. வெரலு ஒட்டியிருக்கு."

அப்பா என் விரலைப் பிரித்து எடுத்தார். பெரியப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். அட்டையைத் தடவினார். மோந்து பார்த்தார். அவர் கண் நிறைந்ததை நான் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் எப்படிப் பார்ப்பாரோ அப்படித் திறந்தார். பின்னாலிருந்து.

முதல் பக்கத்துக்காக அத்தனை பேர் உழைத்தோம். கடைசிப் பக்கத்தை ஒருவரும் நினைக்கவில்லை.

பெரியப்பா ஸ்டேஷனில் அறிவிப்பு படிக்கிற குரலில் நிதானமாக வாசித்தார்.

"இந்நூலாசிரியர்... புள்ளி, புள்ளி, புள்ளி, புள்ளி, புள்ளி... அன்று இறைவனடி சேர்ந்தார்."

பெரியம்மா காபி டம்ளரோடு வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"தேதி போடலியேடா தம்பி" என்றார் பெரியப்பா.

அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

"நான் வந்து வந்து கேட்டப்ப உனக்கு நேரமில்ல. ஆருத்ரா, திருமஞ்சனம், ஆருத்ரா, திருமஞ்சனம். நான் போவப் போறேன்னதும் நேரம் கெடச்சிடுச்சி பாரு."

"அண்ணே... அது கைப்பழக்கம்ண்ணே."

அந்த நேரத்தில் அப்பா வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று எத்தனையோ தடவை அவருக்காக நான் மனதில் கோர்த்துப் பார்த்திருக்கிறேன். உன் பக்கத்தில் உட்கார எனக்குப் பயமாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். ஈரச் சட்டையோடு மிதித்தேன் என்று சொல்லியிருக்கலாம். நடராஜரையே மூலையில் போட்டேன் என்று சொன்னால் பெரியப்பா சிரித்துக்கூட இருப்பார். அப்பா ஒரு வார்த்தை சொன்னார். அது அவருக்குத் தெரிந்த உண்மையான வார்த்தை. அதுதான் போய்க் குத்தியது.

பெரியப்பா புத்தகத்தைக் கடைசியிலிருந்து ஒவ்வொரு தாளாகத் தள்ளிக்கொண்டே வந்தார். முதல் பக்கம் வந்தது. துண்டு ஒரு பக்கம் எழும்பி நின்றது. நகத்தால் அதைத் தூக்கி அடியில் பார்த்தார். பிறகு பழையபடி வைத்து, தன் கட்டைவிரலால் கொஞ்ச நேரம் அழுத்தினார்.

"காபிய குடிச்சிட்டுப் போங்க. மழ வரப் போவுது" என்றார்.

அதன்பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கல்யாணங்களில் பார்ப்போம். அப்பாவிடம் உடம்பு எப்படி என்று கேட்பார், மழை பற்றிப் பேசுவார். எனக்குக் காராபூந்தி வரும், யாரிடமாவது கொடுத்தனுப்புவார். கட்டுக்கட்டாக இருந்த 'கடைசிப் பெட்டி'யைப் பின்னொரு வருஷம் வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் ஊறவைத்துக் கூழாக்கியது. பச்சைக்கொடித் துணி என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. மிஷின் துடைக்கப் போயிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம், அம்மாவிடம் கேட்கத் தைரியம் இல்லை.

அப்பாவும் மாறிப்போனார். யாராவது வாசலில் வந்து, "ஒண்ணும் அவசரமில்ல, சும்மா ஒரு பேச்சுக்கு..." என்று இழுத்தால், "போயி அவுங்க பக்கத்துல உக்காருங்க. அப்பறம் பாக்கலாம்" என்று அனுப்பிவிடுவார். அந்த வேலை மெல்ல மெல்ல வேறு அச்சகங்களுக்குப் போயிற்று. பதினேழாம் நாள் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிகிறவர்களிடம்.

வேடிக்கை என்னவென்றால், அப்பாதான் முதலில் போனார். நான் தலையில் நரை தேட ஆரம்பித்திருந்த வருஷம். குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். யாரிடமும் இழுத்து இழுத்துப் பேச நேரம் கொடுக்கவில்லை. பதினாறாம் நாளுக்கு நான்தான் புத்தகம் போட்டேன். எங்கள் மிஷின் எப்போதோ பழைய இரும்பாகியிருந்தது. வெளியில் கம்ப்யூட்டரில் கொடுத்தேன். பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று அங்கிருந்த பையன் கேட்கவே இல்லை, அவனே போட்டுவிட்டான்.

காரியத்தன்று பெரியப்பா வந்தார். கையில் தடி, பக்கத்தில் பெரியம்மா. அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த முன்பக்கத்துக்குள் நுழைந்தவர், மிஷின் நின்ற இடத்தில் தரை மட்டும் கறுத்திருப்பதைத் தடியால் தொட்டுப் பார்த்தார். ஸ்டூல் இல்லை. நாற்காலி கொண்டுவந்து போட்டேன். தட்டிலிருந்து புத்தகம் ஒன்றை எடுத்து, பின்னாலிருந்து திறந்தார்.

"தேதி போட்டிருக்க" என்றார்.

"போட்டிருக்கேன் பெரிப்பா."

"ம்."

தாள் தாளாகத் தள்ளி முதல் பக்கத்துக்கு வந்தார். அப்பாவின் படத்தையும் அதன் கீழே இருந்த வரியையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கூட்டைத் திறந்து, அடியிலிருந்து எதையோ விரல் நுனியால் நோண்டி எடுத்தார். பழுத்துப்போன ஒரு துண்டுத்தாள். மழுங்கிய பழைய அச்சில், 'திரு'.

"பச இருக்கா?"

பசை இல்லை. பந்தி நடந்துகொண்டிருந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த பைண்டர் மாமா எழுந்தார். அவருக்கும் அப்போது முட்டிவலி. பந்தியிலிருந்து சோறு கொஞ்சம் எடுத்துவந்து, பெரியப்பா நீட்டிய துண்டின் முதுகில் இரண்டு பருக்கைகளை வைத்து விரலால் மசித்தார். பெரியப்பா அதை அப்பாவின் பெயருக்கு முன்னால், 'அமரர்' மேல் வைத்தார். கொஞ்சம் கோணலாகத்தான் உட்கார்ந்தது.

"அச்சாபீஸ்காரன் புள்ள, நீ புடிடா கொஞ்ச நேரம். கட்ட வெரல எடுக்காத" என்றார்.

கட்டைவிரலால் நாடி பார்க்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வார்கள், விரலுக்கே ஒரு துடிப்பு உண்டாம், அடுத்தவருடையது என்று நினைத்து ஏமாந்துபோவோமாம். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் வைத்திருந்தேன். அடியில் துடித்தது. பெரியப்பா எடு என்று சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை.